கைக்கேற்ற பட்டை

"டைரக்டர் நாற்காலி கிடைக்கும்னா, அந்த மனுஷன் செத்த பொணத்தைக்கூடப் 'பயணத்துக்குத் தகுதி'ன்னு எழுதி வண்டியில ஏத்திடுவார், டாக்டரம்மா" என்றாள் நர்ஸ்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். திருப்பி அனுப்பப்படுகிறவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடும் வண்டி பதினொரு மணிக்குக் கிளம்பும். அதற்குள் தலைமை மருத்துவ அதிகாரியே நேரில் வருகிறாராம். எல்லைக் காவல் துறையின் மருத்துவப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. விதியைவிட்டு நூலளவும் விலகாதவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ரூல்தடி'.

"நாளைக்கு அவருக்கு இன்டர்வியூ. அவரால வண்டி தாமதமாச்சுன்னு ஒரு குறிப்பு விழுந்தாப் போதும், நாற்காலி கைநழுவிடும். அதான் அடிச்சுப் பிடிச்சு ஓடி வர்றார்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த, அந்த வண்டியில் ஏற வேண்டிய மூட்டைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வயது அறுபது. நாற்பது வருடம் மூட்டை தூக்கிய கைகள் தொடைப் பருமனுக்கு உரமேறியிருந்தன.

"அம்மா, வியாழக்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிக்குமா?"

அவருடைய மகள் போட்ட மேல்முறையீடு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்குள் அவர் எல்லையைத் தாண்டிவிட்டால் மனு செல்லாது. இன்று செவ்வாய்.

"பேசாம உட்காருங்க ஐயா. பதறினா பிரஷர் ஏறும்."

"ஏறட்டுமே! ஏறினாத்தானே நமக்கு நல்லது?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து ஜன்னல் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மூடியிருந்த மேசை டிராயரை இன்னொரு முறை தள்ளி மூடினாள்.

சனிக்கிழமை அவருடைய பிரஷர் நூற்று அறுபத்தெட்டு. ஞாயிறு நூற்று எழுபது. நேற்று நூற்று அறுபத்தாறு. நூற்று அறுபதைத் தாண்டினால் பயணம் கூடாது.

எண்கள் பொய்யல்ல, கருவி காட்டியதைத்தான் எழுதினாள். ஆனால், இவ்வளவு பருமனான கையில் கருவியின் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். மருத்துவம் படித்த எவருக்கும் இது தெரியும். பெரிய பட்டை கேட்டு அவள் தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'தேவையில்லை.' இல்லாத பட்டை இந்த மனிதருக்காவது உதவட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. முன்னால் தலைமை மருத்துவ அதிகாரி, பின்னால் வண்டிக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர்.

"ரிஜிஸ்டர்."

நின்றபடியே மூன்று நாள் குறிப்பையும் படித்தார். மூட்டைக்காரரின் கையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தார்.

"இதாலதான் அளந்தீங்களா?"

"ஆமா சார்."

"இது அந்தக் கைக்குப் பத்தாதுன்னு தெரியுமா, தெரியாதா?"



"தெரியும் சார்."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் தம் பையைத் திறந்து ஒரு பெரிய பட்டையை எடுத்தார். "ஐயா, காலைத் தொங்கப் போடாதீங்க, தரையில ஊனுங்க. அஞ்சு நிமிஷம் யாரும் பேசக்கூடாது."

ஐந்து நிமிடம். வெளியே வண்டியின் இன்ஜின் உறுமி அடங்கி மறுபடி உறுமியது. இன்ஸ்பெக்டர் கால் மாற்றி நின்றார். டாக்டர் தன் விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிரித்து மறுபடி பின்னினாள்.

பட்டை இறுகித் தளர்ந்தது.

"நூற்று நாற்பத்திரண்டு."

"அவ்வளவுதானா? இதுக்கா மூணு நாளா வண்டியில ஒரு சீட் காலியாப் போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுந்திருங்க பெரியவரே, பையை எடுங்க."

மூட்டைக்காரர் பையை எடுத்தார். டாக்டரைப் பார்த்து, "பரவாயில்லைம்மா, நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்றார்.

"ஏத்தச் சொல்லி நான் சொன்னேனா?" என்றார் அதிகாரி.

"சார்?"

"தப்பான பட்டையில எடுத்த அளவு அளவே இல்லை. சரியான பட்டையில மூணு நாள் தொடர்ந்து அளக்கணும். நாலாம் நாள்தான் சான்றிதழ். ரூல் அப்படித்தான் சொல்லுது. இன்னைக்கு முதல் நாள்."

நர்ஸ் விரல்விட்டு எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன்.

இன்ஸ்பெக்டரின் முகம் கடுத்தது. "அப்போ தாமதப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துடுங்க சார். என்ன காரணம், யார் பொறுப்புன்னு மேலிடத்துல கேப்பாங்க." அவர் பார்வை டாக்டர்மேல் விழுந்து அங்கேயே நின்றது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். நிறுத்தி நிதானமாக எழுதினார். கையெழுத்திட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பட்டை பத்தலைன்னு முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தா, இதே அவகாசம் நேர்மையாவே கிடைச்சிருக்கும். ரூலைப் பாதி படிச்சவங்களுக்குத்தான் அதை ஏமாத்தணும்னு தோணும். முழுசாப் படிங்க."

பெரிய பட்டையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

"பாவம் டாக்டரம்மா நீங்க. தன் நாற்காலியைக் காப்பாத்திக்க பழியை உங்க தலையில கட்டிட்டார், பார்த்தீங்களா!" என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

படிவத்தைப் படித்த இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதை டாக்டரிடம் நீட்டினார்.

'காரணம்: கைக்கேற்ற பட்டை இல்லாமை. பொறுப்பு: அதைக் கேட்டு வந்த மூன்று கடிதங்களுக்கும் தேவையில்லை என்று எழுதிய தலைமை மருத்துவ அதிகாரி.'