பதில் வராத பெயர்

"நோரீன்."

பதில் இல்லை.

"நோரீன்," என்றாள் கிளென்டா, இன்னும் சத்தமாக.

மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள் நோரீன். பார்வை மேசையை விட்டு நகரவில்லை.

"மிஸ், அவ இருக்கா. டிக் போட்டுடுங்களேன்," என்றான் பின்வரிசைப் பையன்.

"அவ வாயால சொல்லட்டும். நோரீன்."

நோரீனுக்குப் பக்கத்தில் இருந்த டெல்வீன் விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

"ஏய், நீ எங்க கிளம்பிட்ட?"

"தண்ணி குடிக்க."

போன வாரமும் இதே நேரத்தில்தான் இவளுக்குத் தாகம் எடுத்தது. கிளென்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவேட்டில் நோரீன் பெயருக்கு எதிரே ஐந்தாவது சிவப்புக் குறியை அழுத்திப் போட்டாள். ஐந்து ஆப்சென்ட் ஆனால் பரீட்சை எழுத முடியாது.

மெல்பர்னை விட்டு, டார்வின் நகருக்குத் தெற்கே இந்த வெயிலுக்கு வந்து இரண்டு வருஷம். இலக்கியத்தில் மொழியும் மரணமும் பற்றி உயிரைக் கொடுத்து நடத்துகிறாள். பேர் சொன்னால் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த நோரீனுக்கு வலிக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டாள்.

"இந்தப் பேப்பர் முடிச்சாதானே ஜனவரியில உனக்கு டீச்சர் வேலை?"

"ஆமா மிஸ். எங்க ஊர் ஸ்கூல்ல எடம் வெச்சிருக்காங்க."

"தெரிஞ்சும் பதில் சொல்ல மாட்டேங்கிறியே, என்ன திமிரு?"

"திமிரு இல்ல மிஸ். கூப்பிடாமலே டிக் போட்டுடுங்க. கண்ணு முன்னாடிதானே இருக்கேன்."

"கண்ணு முன்னாடி இருக்கறது உடம்பு. ஆள் இருக்காளான்னு மொழிதான் சொல்லணும். அஞ்சு வாரமா என்னத்தக் கேட்ட?"

"பேசாம இருந்தாலும் இருக்கோம் மிஸ்."

"இந்த வாய் வகுப்புல எங்க போச்சு? காரணத்தச் சொல்லு, பரீட்சைக்கு விடுறேன்."

நோரீன் கதவைப் பார்த்தாள். வெளியே டெல்வீன் இரண்டு ஐஸ் காபி டப்பாவோடு அவளுக்காகக் காத்திருந்தாள்.

"காரணத்த என்னால சொல்ல முடியாது மிஸ். பரீட்சை போனாப் போகட்டும். டெல்வீன்கிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க."

போய்விட்டாள். இப்படி ஒரு பிடிவாதத்தைக் கிளென்டா தன் சர்வீசில் கண்டதில்லை.

மேசையில் கிளென்டா எழுதிய நாற்பது பக்கக் கட்டுரை பிழை திருத்தத்துக்குக் காத்துக் கிடந்தது. பேனாவைத் திறந்தாள். ஆபீசிலிருந்து பேர்ல் உள்ளே வந்தாள். உள்ளூர்க்காரி, வளவள என்று பேசமாட்டாள்.

"டெல்வீனோட லீவு பாரம் மிஸ். அவங்கம்மா சாவுக்குப் போனப்ப நீங்க கையெழுத்துப் போட்டது. ஒரு எடம் காலியா இருக்கு."

"அவளையே எழுதச் சொல்ல வேண்டியதுதானே."

"அவ எழுத மாட்டா."

"நீங்க எழுதுறது?"

"நானும் மாட்டேன். சர்டிபிகேட் கவர்ல இருக்கு, பாத்து நீங்களே எழுதிருங்க."

"ஒரு பாரம் எழுதக்கூட இந்த ஊர்ல நான்தானா?"

பேர்ல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எரிச்சலோடு பாரத்தை இழுத்தாள் கிளென்டா. 'இறந்தவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. கவரிலிருந்து சான்றிதழை உருவிப் பிரித்தாள்.

நோரீன்.

பேனா அப்படியே நின்றது. பக்கத்தில் விரிந்து கிடந்த கட்டுரையில், காலையில் அவளே ரசித்து அடிக்கோடு போட்ட வரிகள் கண்ணில் பட்டன.

'இம்மண்ணின் பூர்வகுடி மக்கள் இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிப்பதில்லை. அதே பெயர் கொண்டவரும் அதுவரை அப்பெயரால் அழைக்கப்படுவதில்லை. துக்கத்தில் இருப்பவரின் செவிக்குச் செய்யும் மரியாதை இது.'

ஐந்து வாரமாக, பெற்றவளைப் பறிகொடுத்த பெண்ணின் காதுபடத் தான் எத்தனை முறை கத்தினோம் என்று எண்ணிப் பார்த்தாள். அவமானமாக இருந்தது.

பதிவேட்டைத் திறந்தாள். ஐந்து சிவப்புக் குறிகளையும் அடித்து நீக்கினாள். ஓரத்தில், குறிப்பு எழுதும் இடத்தில், நிதானமாக எழுதினாள்:

'இந்த ஐந்து வகுப்புகளுக்கும் ஆப்சென்ட் - ஆசிரியை.'