பத்தாம் தேதி விடியற்காலை

"ஏங்க, ருஷ்யா ராஜாவும் போலந்து ராஜாவுமே இந்த வருஷம் சமாதானம் ஆயிட்டாங்களாம். போப்பாண்டவர் ஆள் போய்ப் பேசி முடிச்சாராம். உங்க ரெண்டு பேருக்கும் யார் வந்து பேசணும்?" என்றாள் ஒர்சோலா.

அவள் கணவன் எர்கோலே தாத்தாவின் வாளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாகத் தேய்க்கிறான். துரு போன பாடில்லை.

"அந்தத் தத்தேயோவை வெட்டாம விடமாட்டேன். ஸ்பொலேத்தோ ஊரே கேட்கச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வெட்டறது நீங்களா இருந்தாத்தானே? அவர் கையைப் பார்த்தீங்களா, உலக்கை மாதிரி?"

"அடியே, நீ எந்தப் பக்கம்?"

"நான் உங்க உயிர் பக்கம்! இப்படி ஒண்டிக்கு ஒண்டி நின்னு செத்தா, கோயில்ல அடக்கம்கூடப் பண்ண மாட்டாங்க, தெரியுமா?"

எல்லாம் ஒரு மரப்பந்தால் வந்த வினை. ஜூலை மாதம் சதுக்கத்தில் பந்து உருட்டி விளையாடினார்கள். யார் பந்து குறிக்குக் கிட்டே என்று கயிறு போட்டு அளந்ததில் தகராறு. "போடா கழுதைக்காரா!" என்றான் எழுத்து வேலை பார்க்கும் எர்கோலே. "நீ போடா மைக்கூடு!" என்றான் சுமைக்கழுதை ஓட்டும் தத்தேயோ. அப்புறம் இருவருடைய தாத்தாக்களும் பேச்சில் இழுக்கப்பட்டார்கள். தாத்தா வந்தபின் வாள் வராமல் இருக்குமா?

"இப்ப அறுவடை. அடுத்து திராட்சை பறிப்பு. அப்புறம் புனித பிரான்சிஸ் திருநாள். நம்ம சண்டையால ஊர் வேலை கெடக் கூடாது" என்று மார்தட்டினான் எர்கோலே. "அக்டோபர் பத்தாம் தேதி விடியற்காலை, ஆலைப் பாலத்தடிக்கு வா!"

"பத்தாம் தேதிதான்! ஒன்பதும் வேணாம், பதினொண்ணும் வேணாம்" என்று தத்தேயோ பதிலுக்குக் கர்ஜித்தான். "அந்த நாள் தவறினா அதோட முடிஞ்சது பேச்சு. அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது!"

இவ்வளவு கோபத்திலும் இவ்வளவு நிதானமா என்று ஊரே மெச்சியது.

ஒர்சோலாதான் உருகிப் போனாள். தத்தேயோவின் மனைவி கமில்லா அவளுக்குப் பத்து வருடத் தோழி. துவைக்கும் துறையில் ஒரே சோப்புக்கட்டியைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைத்தார்கள். அது வேறு அவளை அரித்தது.

தினமும் மாதா முன்னால் போய் நின்றாள். "தாயே, அந்தப் பத்தாம் தேதி விடியவே கூடாது. விடியாமப் பண்ணிடு, என் கல்யாணத் தோடு ரெண்டும் உனக்குத்தான்."

1582 அக்டோபர் நாலாம் தேதி, வியாழக்கிழமை. புனித பிரான்சிஸ் திருநாள் பூசை முடிந்ததும் சாமியார் ஒரு தாளைப் பிரித்தார்.

"இது போப்பாண்டவர் கட்டளை. நம்ம தேதிக் கணக்கு சூரியனுக்குப் பத்து நாள் பின்தங்கிப் போச்சு. அதைச் சரிக்கட்டணும். அதனால இன்னிக்கு வியாழன், நாலாம் தேதி. விடிஞ்சா வெள்ளி, பதினஞ்சாம் தேதி. நடுவில இருக்கிற தேதியெல்லாம் இந்த வருஷம் கிடையாது."

கோயில் சந்தைக்கடை ஆகிவிட்டது. "அப்ப ராத்திரியோட ராத்திரியா நான் பத்து நாள் கிழவி ஆயிடுவேனா?" என்று ஒருத்தி அலறினாள்.

எர்கோலே துள்ளி எழுந்தான். "அநியாயம்! என் பத்தாம் தேதி எங்கே?"

"மூணு மாசமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேனே!" என்று எதிர் வரிசையிலிருந்து தத்தேயோ மார்பில் அடித்துக்கொண்டான்.

நாலு பேர் நடுவே புகுந்து இருவரையும் பிடித்துக்கொண்டார்கள். பிடி லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் திமிறவில்லை.

"போப்பாண்டவரே நாளை எடுத்துட்டார். நாம என்ன பண்ண முடியும்?" என்று பெருமூச்சு விட்டான் எர்கோலே. "தேதி தவறினா பேச்சு முடிஞ்சதுன்னு சொல்லியிருக்கோம். சொன்ன சொல் மாறக் கூடாது."

துக்கத்தை ஆற்றிக்கொள்ள இருவரும் ஒரே மதுக்கடைக்குத்தான் போனார்கள்.

ஒர்சோலா மாதா பீடத்துக்கு ஓடினாள். கண்ணீர் தாரை தாரையாக வழிய, தோட்டைக் கழற்றி வைத்தாள். பக்கத்தில் யாரோ மண்டியிட்டு ஒரு மோதிரத்தை வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் கமில்லா.

"அக்கா, நீங்களுமா?"

"நானும்தாண்டி. அந்த நாளே வேணாம்னு எத்தனை நாள் அழுதிருப்பேன்!"

இருவரும் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். மெழுகுவர்த்திகளை அணைக்க வந்த சாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"அற்புதம் சாமி! ஜூலையிலேர்ந்து நாங்க வேண்டினோம். மாதா போப்பாண்டவர் மனசுக்குள்ள புகுந்து பத்தாம் தேதியையே எடுத்துட்டா!"

சாமியார் சிரித்துவிட்டார். "நகையெல்லாம் எடுத்துப் போட்டுக்குங்க. போப்பாண்டவர் கையெழுத்துப் போட்டது பிப்ரவரியில. நம்ம ஆயர் மாளிகைக்கு அது ஜூன்லயே வந்தாச்சு. சனங்க மிரண்டு போகக் கூடாதுன்னு இன்னி வரைக்கும் ரகசியமா வெச்சிருந்தோம்."

ஒர்சோலாவின் கண்ணீர் பாதியில் நின்றது. "ஜூன்லயேவா? யார் யாருக்கு சாமி தெரியும்?"

"ஆயருக்கு, எங்களை மாதிரி சாமியாருங்களுக்கு. அப்புறம், நாற்பது கோயிலுக்கும் நாற்பது நகல் உட்கார்ந்து எழுதின உன் வீட்டுக்காரருக்கு." சாமியார் கடைசி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, கமில்லா பக்கம் திரும்பினார். "அதையெல்லாம் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போய், 'அக்டோபர் நாலு வரைக்கும் மூச்சு விடாதீங்க சாமி'ன்னு கோயில் கோயிலாக் குடுத்துட்டு வந்த உன் வீட்டுக்காரருக்கு."