ஜாக்கெட் அளவு

போனை ராஜராஜேஸ்வரி எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் எடுத்தார்.

நான் வழக்கம்போலத் தையல்கடைக் குரலில், "ராஜி இருக்காளா? ஜாக்கெட் அளவு கேக்கணும்" என்றேன்.

எனக்குத் தையல் தெரியாது. நான் கெசியா, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். உடம்பு இளைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டவர்களை வருஷக்கணக்கில் கூப்பிட்டு, எடை என்ன, வைட்டமின் மாத்திரை போட்டீர்களா என்று நச்சரிப்பது என் வேலை. இளைத்து முடித்ததும் முக்கால்வாசிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். என் குரலைக் கேட்டால் பழைய உடம்பு ஞாபகம் வருமோ என்னவோ.

ராஜி மட்டும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுவருஷம் கல்யாணமாகி ஏரலுக்குப் போனாள். புகுந்த வீட்டுக்கு விஷயம் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தையல்கடை அவள் யோசனைதான்.

ஜாக்கெட்டைப் பிடிக்கணும் என்றால் எடை இறங்குகிறது. பிரித்துவிடணும் என்றால் ஏறுகிறது. கொக்கி வைத்தாயிற்று என்றால் மாத்திரை போட்டாயிற்று. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிரிக்காமல் சொல்லுவாள், கள்ளி. சில நாள் அவள் வீட்டுக்காரர் சுந்தர் எடுத்து, "டெய்லர் அக்கா பேசுதாவ" என்று அவளிடம் கொடுப்பார். போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு தாங்காது.

கடைசிவரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று மருத்துவமனைக் கூட்டத்தில் அவளைக் காட்டித்தான் பெருமையடித்துக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை பேசியபோது, மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். மூன்று வாரமாக எது தின்றாலும் வாந்தி.

"இன்னும் ரெண்டு தையல் பிடிக்கணும்க்கா."

பிள்ளை உண்டான உடம்பில் பிடிக்கவே கூடாது. உடனே வா என்றேன். வர முடியாவிட்டால் அங்குள்ள டாக்டரிடமாவது ஆபரேஷனைச் சொல்லிவிடு என்றேன். பைய வாறேன் என்றாள்.

ஏரலுக்கு ஒரு மணி நேரத்துப் பஸ். போய் சுந்தரிடம் நானே சொல்லியிருக்கலாம். சத்தியத்தைப் பெரிதாக நினைத்தேன்.

மாதம் ஒரு தடவைதான் கூப்பிடுவேன். இன்றைக்கு முறை இல்லை. மனசு கேட்காமல்தான் கூப்பிட்டேன்.

போனில் யாரோ வேனிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"அவ போயிட்டா" என்றார் சுந்தர். "நேத்து சாயங்காலம்."

நாலு நாளாக நிற்க முடியவில்லையாம். கண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியதாம். கடைசியில் ஆளே தெரியாமல் பேசினாளாம். மசக்கை என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

இரைப்பை வெட்டியவர்கள் விடாமல் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் வற்றிவிடும்; அது இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைத் தாக்கும். ஒரு வைட்டமின் ஊசி. அதை முதலில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். எங்கள் அலமாரியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது.

அப்போதும் அந்தப் பாழாய்ப்போன சத்தியம் வாயை அடைத்தது.

"அளவு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்று உளறினேன்.

"தெரியும், சிஸ்டர்."

அக்கா என்று சொல்லவில்லை. சிஸ்டர் என்றார்.

"ரெண்டு வருசமா அளவு சொல்லுதா, ஒரு ஜாக்கெட்கூட வீட்டுக்கு வரலியே. ஒருநா நானே இந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், வேற ஒரு சிஸ்டர் எடுத்தாவ. என்ன ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன்னு எல்லாம் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அவளா சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

நாற்காலிச் சத்தம் நின்றிருந்தது.

"சேத்த அன்னைக்கு, முன்னால ஏதும் ஆபரேஷன் செஞ்சிருக்கான்னு டாக்டர் கேட்டாவ. எங்கம்மை பக்கத்துல நிக்கா. இவ பயந்துபோயி என் மூஞ்சியப் பாத்தா. நான் இல்லன்னு சொல்லிட்டேன், சிஸ்டர்."