அலெக்ஸ் மாற்றிக் கேட்ட கேள்வி

அலெக்ஸ் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாடியில் நடந்த கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கவிக்கு அது நன்றாகவே தெரிந்தது. மயிலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருபவளுக்குத் தெரியாமல் போகுமா?

திண்டிவனம் வாசகர் வட்டத்துக்கு அன்று ஒரே கொண்டாட்டம். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தைப் படம் பிடிக்க வந்த வெளிநாட்டு டிவி நிருபர் கிளாரா, ஊர் திரும்பும் வழியில் இவர்களையும் எடுக்க வந்துவிட்டாள். மொழிபெயர்க்க விழுப்புரத்து அலெக்ஸ்.

"நம்மூர்லயும் நாலு பேரு படிக்கிறாங்கன்னு உலகம் பாக்கட்டும்" என்று செயலாளர் செல்வகுமார் காலையிலிருந்தே தரையில் நிற்கவில்லை.

கிளாரா, தையல் கடை வைத்திருக்கும் பாஞ்சாலியைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். "இந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரியுமா?"

அலெக்ஸ் தமிழில் கேட்டான். "எந்த மாதிரி புத்தகம்னா உங்களுக்குப் புடிக்கும்மா?"

"முடிச்சு வெச்ச உடனே எழுதனவரோட சண்டைக்குப் போவணும்னு தோணணும். அந்த மாதிரி" என்றாள் பாஞ்சாலி.

இதை மட்டும் அலெக்ஸ் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். கிளாரா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இங்கே வர வீட்டு ஆண்கள் அனுமதிக்கிறார்களா?" என்று அடுத்துக் கேட்டாள்.

"வீட்டுக்காரரும் கதை படிப்பாராம்மா?" என்றான் அலெக்ஸ்.

"அவரும் வருவாரு. கதைக்கு இல்ல, பஜ்ஜிக்கு!"

மாடியே சிரித்தது. சங்கவிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி கண்விழித்துப் படித்துவிட்டு வரும் பாஞ்சாலிக்கா எழுத்துக் கூட்டத் தெரியுமா என்ற கேள்வி? அவமானமாக இருந்தது.

கேமராக்காரர் பேட்டரி மாற்றும் நேரத்தில் அலெக்ஸை மாடிப்படியில் மடக்கினாள்.

"நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். அவங்க கேக்கறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. வெள்ளைக்காரிக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கறீங்களா?"

"மேடம், மெதுவா..."

"நம்மள என்னான்னு நெனச்சுக்கினு வந்திருக்காங்கன்னு இவங்களுக்கும் தெரியட்டும். இனிமே அப்படியே சொல்லுங்க. இல்லன்னா நான் எழுந்து சொல்லிடுவேன்."

அலெக்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டவர் யாராக இருந்தாலும், கிளம்புவதற்குள் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னதும் கிளாரா உற்சாகமாகத் தலையாட்டினாள். கையில் பாதி கடித்த பஜ்ஜி.

செல்வகுமார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"உங்க ஊர்ல பெத்த தாய் தகப்பன ஹோம்ல தள்ளிட்டு, நாயக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்குவீங்களாமே? பாசம்னா இன்னான்னு உங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்திருக்காங்களாம்மா?"

கிண்டல் இல்லை, பாவம். மனிதர் நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். பாஞ்சாலி உட்பட அத்தனை பேரும் 'நல்ல கேள்வி' என்று தலையாட்டினார்கள்.

கிளாரா ஆவலோடு அலெக்ஸைப் பார்த்தாள். "என்ன கேட்கிறார்?"

அலெக்ஸ் சங்கவி பக்கம் திரும்பினான்.

"மேடம், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. இத நீங்களே அப்படியே சொல்லிடுங்களேன்."

சங்கவி எழுந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கிளாரா அவளைப் பார்த்துச் சிரித்தாள். செல்வகுமாரும் சிரித்தார். இரண்டு பேர் முகத்திலும் கொஞ்சமும் விஷமில்லை.

சங்கவி கிளாரா பக்கம் திரும்பினாள்.

"உங்கள் அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார்" என்றாள், சுத்தமான ஆங்கிலத்தில்.