பெர்லித்தா போட்ட ஓட்டை

பல் குத்தும் குச்சியால் ஜெல்லியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள் பெர்லித்தா.

எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. ஆசிரியர் அறை ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். ஜெல்லி அவளுடையது இல்லை. சமையல் பாடம் எடுக்கும் நோர்மாவினுடையது.

ஓட்டைகள் போதும் என்று தோன்றியதும் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். காலையில் பிழிந்த அன்னாசிச் சாறு. பிலிப்பைன்ஸின் அன்னாசித் தோட்ட ஊரான பொலொமொலோக்கில் அன்னாசிக்கா பஞ்சம்?

சாற்றைச் சிந்தாமல் ஊற்றினாள். ஃபிரிட்ஜின் குளிரைக் கொஞ்சம் குறைத்தாள். தட்டைப் பழையபடி மூடிவைத்தாள்.

போன வாரம்தான் பத்தாம் வகுப்புக்கு இதை நடத்தியிருந்தாள். உயிருள்ள எதைப் பிரித்துப் பார்த்தாலும் நான்கு வகைப் பெரிய மூலக்கூறுகள்: கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். ஜெல்லியைக் கெட்டியாக நிறுத்தும் ஜெலட்டின், புரதம். வேகவைக்காத அன்னாசியிலோ புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதி இருக்கிறது. குளிர் குறைந்தால் அதற்கு வேகம் கூடும்; மதியத்துக்குள் நோர்மாவின் ஜெல்லி கஞ்சித் தண்ணீராகிவிடும்.

வகுப்பில் இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் தூங்கியிருக்காது.

பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்கு இனிப்புப் போட்டி உண்டு. வருடா வருடம் கோப்பை நோர்மாவுக்குத்தான். அதைப் பெர்லித்தா பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்த வருட நடுவர் கணக்கு ஆசிரியர் கமருதீன்.

பெர்லித்தாவுக்கு அவர் மேல் ஆசை. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. அவர் கையால் கோப்பையை வாங்க வேண்டும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சூட்டோடு சூடாக மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகவே முட்டையும் பாலும் சேர்த்து ஒரு கேரமல் புட்டிங் செய்திருந்தாள்.

மதியம் மேசையில் இனிப்புகளை அடுக்கும்போது நோர்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மேம், லிப்ஸ்டிக் எல்லாம் பலமா இருக்கு. கோப்பைய வாங்கவா, ஜட்ஜ வாங்கவா?"

"ரெண்டையும்தான். நீங்க இந்த வருஷம் வெறுங்கையோட வீட்டுக்குப் போய்ப் பழகிக்குங்க."

"பாப்போம், பாப்போம்," என்று சிரித்தாள் நோர்மா.

கமருதீன் கரண்டியோடு வந்தார். முதலில் வரலாற்று ஆசிரியையின் வாழைப்பழ வறுவல்.

"எதுல பொரிச்சீங்க மேம்? பன்னிக் கொழுப்பு இல்லையே?"

"ஐயோ, இல்ல சார். தேங்கா எண்ணெய்."

அதைக் கேட்டதும்தான் பெர்லித்தாவுக்குத் தலையில் விளக்கெரிந்தது. ஜெலட்டின், பன்றித் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. புரதம் என்பது ஞாபகம் இருந்தது, எந்தப் பிராணியின் புரதம் என்பதைக் காதல் மறக்கடித்துவிட்டது. நோர்மாவின் தட்டை இந்த மனிதர் தொடக்கூட மாட்டார். வீணாக ஓர் அன்னாசி போயிற்று.

அவள் புட்டிங்கின் முன்னால் வந்து நின்றார். "இதுல என்னென்ன மேம்?"

"முட்டை, பால், சர்க்கரை. பயப்படாமச் சாப்பிடுங்க சார்."

சாப்பிட்டார். தலையாட்டினார்.

அடுத்தது நோர்மா. தட்டைத் தூக்கி ஒரு பீங்கான் பாத்திரத்தின் மேல் கவிழ்த்தாள். தெறிக்கப்போகிறது என்று பெர்லித்தா புதுச் செருப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் ஓடியது. அவ்வளவுதான். ஜெல்லி முழுசாக இறங்கி, லேசாக ஆடி, நிமிர்ந்து நின்றது.

பெர்லித்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நேரத்தில் அந்தப் புரதம் அக்குவேறு ஆணிவேறாகியிருக்க வேண்டும்.

கமருதீன் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. நேராகக் கரண்டியை விட்டு ஒரு துண்டு எடுத்தார்.

நல்லவளாக இருக்கக் கடவுளே ஒரு வாய்ப்புக் கொடுத்தது போலிருந்தது. பெர்லித்தா பதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், வேணாம். அது ஜெலட்டின். பன்னி."

"இல்ல மேம், கடல்பாசி," என்றார் அவர், நோர்மா வாயைத் திறக்கும் முன்.

கடல்பாசி. கடலில் விளையும் கார்போஹைட்ரேட். அதை அன்னாசியின் கத்தி ஒரு நூல்கூட வெட்டாது. அவளுடைய வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் அது தெரியும்.

நோர்மாவின் ஜெல்லி கடல்பாசி என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் கமருதீன் இரண்டாவது துண்டையும் வாயில் போட்டு, மெதுவாக மென்று, நோர்மாவின் பக்கம் குனிந்தார். தாழ்ந்த குரல்தான். ஆனால் பெர்லித்தா பக்கத்திலேயே நின்றாள்.

"நேத்து உங்க வீட்ல நான் கிண்டுறப்போ அன்னாசி போடலையே. எப்பச் சேர்த்தே? இப்பத்தான் ருசியே வந்திருக்கு."

நோர்மா திருதிருவென்று விழித்தாள்.

பதில் தெரிந்த ஒரே ஆள் தன் புட்டிங்கை எடுத்து, நின்றபடியே, கரண்டி கரண்டியாகத் தின்னத் தொடங்கியிருந்தாள்.