மூன்றாவது ஆட்டக்காரர்

ஜீவானந்தம் பொத்தானை அமுக்கினான். செல்போன் திரையில் பகடை குலுங்கி, உருண்டு, மூன்றில் நின்றது.

"மூணு" என்று சொல்லி, தங்கை தீபலட்சுமியிடம் போனை நீட்டினான்.

குறைவாக விழுந்தவர் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் பேச்சு.

அம்மா கன்னியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. அஸ்தினாபுரத்து வீட்டில் வாடகைக்கு எடுத்த அண்டாக்கள்கூட இன்னும் திரும்பிப் போகவில்லை. அதற்குள் இப்படி ஒரு ஆட்டமா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்த வீட்டில் எதையும் பகடை போட்டுத்தான் தீர்ப்பார்கள். மீன் தலை யாருக்கு, தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது, ஃபேனுக்கு நேர் கீழே யார் படுப்பது, எல்லாமே அப்படித்தான். பழக்கிவிட்டதே கன்னியம்மாதான்.

லூடோ டப்பாவில் இருந்த பகடை ஒரு நாள் எங்கேயோ உருண்டு போய்த் தொலைந்துவிட்டது. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு செல் கடையில் கொடுத்து, மகளின் கலர் போனில் இந்தப் பகடையை ஏற்றி வாங்கச் சொன்னதும் அவள்தான். அமுக்குவதற்கு முன்னால் போனை உள்ளங்கையில் வைத்து ஊதுவாள். ஊதினால் நல்ல எண்ணாக விழுமாம். செல்போனுக்கு ஏதம்மா காற்று என்று பிள்ளைகள் கேலி செய்தால், உங்க வேலையைப் பாருங்க என்பாள்.

இன்றைக்கு ஊத ஆளில்லை.

அப்பா அப்பாதுரையைத் தனியாக விட முடியாது. அவருக்குச் சர்க்கரை திடீர் திடீரென்று இறங்கிவிடும். இத்தனை வருஷமாக ஊசி போட்டதெல்லாம் கன்னியம்மா. காரிய வேலையாக எல்லோரும் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஏசுபாதம் கதவை உடைத்துத் தூக்கியிருக்காவிட்டால் வீட்டில் இரண்டு காரியம் நடந்திருக்கும்.

சரி, எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜீவானந்தம் வண்டலூரில் ஒற்றை அறை வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகளோடு காலை நீட்டக்கூட இடமில்லாமல் கிடக்கிறான். தீபலட்சுமிக்குப் பீர்க்கன்கரணையில் மாமியார் வீடு. பிறந்த வீட்டிலிருந்து ஒரு சொம்பு வந்தாலே அங்கே ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். ஆளே வந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு பேருக்கும் அப்பா மேல் பாசம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பாசம் நிறையவே இருந்தது. இடம்தான் இல்லை.

தீபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

இரண்டு.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டான். அவளுக்கோ, வீட்டுக்காரரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது, மாமியாரிடம் என்ன சொல்வது என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது. பெற்ற அப்பாவை வைத்துக்கொள்வதற்கா அழுகிறோம் என்று தோன்றியதும் இன்னும் முட்டியது.

"இன்னா, என்னை வுட்டுட்டு ஆடிக்கினு கீறீங்க?"

உள்ளே தூங்குகிறார் என்று அவர்கள் நினைத்திருந்த அப்பாதுரை அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். சும்மா விளையாட்டுக்குப்பா என்று ஜீவானந்தம் ஏதோ உளறினான்.

"கம்மியா வந்தவங்க கெயவனை இட்டுக்கினு போவணும், அதானே? நானும் ஒரு கை போடறேன். எனக்குக் கம்மியா வந்தா என்னை நானே பாத்துக்கறேன், இங்கியே கீறேன். அப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பகடை சொன்னதை அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் மீறியதில்லை.

அப்பாதுரை மகள் கையிலிருந்து போனை வாங்கினார். திரையை நெஞ்சுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடுப் பொத்தானை அமுக்கினார். பகடை குலுங்கும் சத்தம் நின்றதும் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு" என்றார். சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் மாதிரி சிரிக்க வேறு செய்தார்.

ஜீவானந்தம் எழுந்து பையை எடுத்துக்கொண்டான். வாராவாரம் வந்து பார்க்கிறேன், ஊசிக்கு ஏசுபாதத்திடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். அப்பாதுரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, போய் டீ போடு என்று மகளை விரட்டி, போனைக் கவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். ஆட்டத்தை எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியாது.

சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தீபலட்சுமி போனைத் திருப்பினாள்.

திரையில் ஆறு இருந்தது.

கணக்குப்படி அப்பா இன்னும் அவள் பொறுப்புதான். அண்ணன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான், ஒரு குரல் கொடுத்தால் போதும். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

யாரும் உள்ளே வருவதற்குள் பொத்தானை அமுக்கி ஆட்டத்தை மூடினாள்.