இவர் யார்?

இலுப்பைக்கடவைச் சந்தியில் இன்சாப்பின் கணினிக் கடை. நடுப்பகல் வெயிலில் தகரக் கூரை சடசடக்கிறது. வீட்டுத்திட்டத்துக்குக் கொடுக்க, இடிந்த வீட்டின் படங்களைக் கீர்த்திகா கணினியில் ஏற்றுகிறாள். "பழைய மெசினுக்கு லினக்ஸ்தான் தோது. படம் பார்க்கவும் வேறை மென்பொருள் போட்டிருக்கிறன். முகங்களைத் தானே பிடிக்கும்," என்கிறார் இன்சாப். துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்த சுவர் திரையில் விரிகிறது. ஆளே இல்லாத அந்தச் சுவரில் மஞ்சள் கட்டமொன்று மெல்ல வந்து நின்று, 'இவர் யார்?' என்று கேட்கிறது. "ஓட்டையளை முகமெண்டு நினைக்குது, தங்கச்சி. அழியெண்டு அமத்துங்கோ." அவள் விரல் அசையவில்லை. காணாமல் போன அண்ணனுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கச் சொல்லி எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் வற்புறுத்தியும், இன்னும் கையெழுத்து வைக்காதவள் அவள். 'கீர்த்தனன்' என்று தட்டுகிறாள். கணினி உறுமிக்கொண்டு மற்றப் படங்களுக்குள் தேடுகிறது. கிணற்றடியில் ஒரு கட்டம் விழுகிறது. வாசற்படியில் இன்னொன்று. கடைசியாக, விண்ணப்பத்துக்கென்று சற்றுமுன் இதே கதிரையில் இருத்தி இன்சாப் எடுத்த அவளுடைய படம் வருகிறது. அவள் முகத்தில் ஒரு கட்டம். தோளுக்குப் பின்னால், வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் மற்றொன்று: 'இவரும் கீர்த்தனனா?' இன்சாப் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்க்கிறார். கீர்த்திகா திரும்பவில்லை. பக்கத்தில் ஓராள் இருக்குமளவுக்குத் தன் கதிரையைத் தள்ளிப் போடுகிறாள்.